மேஜைக்கு நிற்கும் ஆள்

கிரேஸ்டோன் கோபுரம்
ஜூன் 6

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும், உன் தோள்பட்டை வலியும், கஃபேயின் பழைய அடுப்பும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

கோபுரத்துக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. மொத்தம் ஐம்பத்தெட்டுப் படி. என் முழங்கால் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு ஏறுகிறது. மேலே சுற்றிலும் கண்ணாடி, நடுவில் ஒரு கட்டில், ஒரு விறகடுப்பு. வேலை என்றால் பார்ப்பதுதான். காட்டில் புகை தெரிந்தால் ரேடியோவில் சொல்ல வேண்டும், தெரியாவிட்டால் மறுபடியும் பார்க்க வேண்டும். போன் எடுக்காது. ரேடியோவில் சொந்தக் கதை பேசக் கூடாது. அதனால் டக்கர்தான் நமக்குத் தபால்காரன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கோவேறு கழுதைகளில் மாவும் பன்றி இறைச்சியும் ஏற்றிக்கொண்டு வருவான். இறங்கும்போது உனக்கு என் கடிதத்தைக் கொண்டுவந்து தருவான். நீ மாவுக்குள் செர்ரிப் பழம் வைத்துச் சுடுகிற பையில் ஒரு துண்டு கொடுத்தால் போதும், ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

நான் கிளம்பிய அன்று நீ வாசலுக்கு வரவில்லை. போன செப்டம்பர் விஷயத்தை இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். டிரக்கின் பின்டயரில் காற்று இறங்குகிற மாதிரி இருந்தது அக்கா, அதைப் பார்க்கத்தான் போனேன். இரண்டு நிமிஷம். அதற்குள் ஹாஸ்கெல் அப்படிச் செய்வான் என்று யாருக்குத் தெரியும்? எப்படியிருந்தாலும் அது ஒரு துப்பாக்கிதானே.

இந்த மாதப் போட்டிக்குப் போகிறாயா? எழுது.

அன்புத் தம்பி
டெல்பர்ட்


டிரை ஃபோர்க்
ஜூன் 16

டெல்பர்ட்,

நலம்.

"அது ஒரு துப்பாக்கிதானே" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று தடவை படித்தேன். மாவுக் கட்டையால் அடிக்க நீ பக்கத்தில் இல்லையே என்று வருத்தப்பட்டேன்.

நீ டயர் பார்க்கப் போய்விட்டதால் அன்று நடந்தது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

நம்முடையது மலிவுத் துப்பாக்கிப் போட்டி. கடையில் வாங்கியதை வாங்கியபடி கொண்டுவர வேண்டும், அணில் சுடுகிற சின்னத் தோட்டாதான். அதை வைத்துக்கொண்டு நானூறு கஜத்தில் தொங்குகிற இரும்புத் தட்டை அடிக்க இருபது தோட்டா. யாராவது சாதாரணத் துப்பாக்கிக் கட்டைக்குள் விலை உயர்ந்த குழலை மாட்டி ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக ஓரின்தான் அந்த மேஜை விதியை எழுதினான். அன்று சுட்டு முடித்த யார் வேண்டுமானாலும் மேஜையில் முந்நூறு டாலரை வைத்து, ஜெயித்தவரின் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். முதலில் வைக்கிறவருக்குத்தான் உரிமை. ஜெயித்தவர் மாட்டேன் என்று சொல்ல முடியாது. என் புருஷன் எழுதிய விதி என் தலையிலேயே விடிந்தது.

பதினான்கு வருஷமாக அதை யாரும் நிஜமாகச் செய்ததில்லை. ஜெயிக்கிறவரின் ஆள் ஒருவர் மேஜைக்கு நிற்பார், பேருக்குப் பணத்தை வைப்பார், துப்பாக்கியை எடுத்து அவரிடமே கொடுப்பார், எல்லாரும் கைதட்டுவார்கள். போன செப்டம்பரில் எனக்கு மேஜைக்கு நிற்க வேண்டிய ஆள் நீ. நீ அன்று அடித்தது நான்கே தட்டுதான், ஆனாலும் சுட்டு முடித்தவன். பணத்தை உன் சட்டைப்பையில் நானே வைத்தேன்.

ஓரின் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவன் துப்பாக்கியால் முதல் தடவை சுட்டேன், ஜெயித்தேன். திரும்பிப் பார்த்தால் மேஜைக்குப் பக்கத்தில் நீ இல்லை. ஹாஸ்கெல் இருந்தான். பணத்தை வைத்துவிட்டு, "சட்டம் சட்டம்தான் வெர்னா. உன் வீட்டுக்காரன் எழுதினதுதானே?" என்றான். இன்று அது அவனுடைய தீவனக் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. விசைக்குப் பக்கத்தில் ஒரு அட்டையும் கட்டியிருக்கிறான்: "ஓரின் டால்ஃப்சனுடையது. இப்போது ஹாஸ்கெல்லுடையது." கோழித்தீவனம் வாங்கப் போகிற எல்லாரும் படிக்கிறார்கள். நான் முப்பது மைல் தள்ளிப் போய்த் தீவனம் வாங்குகிறேன்.

அந்த அட்டையை அவன் வாயிலேயே திணிக்காமல் விடப் போவதில்லை.

நேற்று போட்டிக்குப் போனேன். அதே கம்பெனியின் அதே மலிவுத் துப்பாக்கி, புதிதாக வாங்கியது. நான்காவது இடம். உனக்கு மட்டும் சொல்கிறேன்: குழல் சூடானதும் இது ஒவ்வொரு மூன்றாவது தோட்டாவையும் இடது பக்கம் தள்ளுகிறது. இதை யாரிடமும் சொல்லிவிடாதே.

வெர்னா


கிரேஸ்டோன் கோபுரம்
ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமென்று ஒரே வார்த்தையில் தெரிந்துகொண்டேன். என் சுகத்தை நீ கேட்கவே இல்லை. அம்மா இருந்திருந்தால், நலம் கேட்காத கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுது என்று சொல்லியிருப்பாள். பரவாயில்லை.

இங்கே இரண்டு நாளாக மேற்கிலிருந்து காற்று. இந்த உயரத்தில் இருந்தால் காற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம் அக்கா. கீழே புல்வெளியில் ஒரு திசை, நடு மலையில் ஒரு திசை, உச்சியில் வேறொன்று. நானூறு கஜத்தில் நீங்கள் படுகிற பாடு இப்போதுதான் எனக்குப் புரிகிறது. ஓரின் மாமா எப்படித்தான் அதைப் படித்தாரோ.

ஓரின் மாமாவின் துப்பாக்கி உன் கையில் அவ்வளவு நன்றாகச் சுட்டதே, இதே கம்பெனியின் புதிய துப்பாக்கி ஏன் சுடவில்லை? அதில் அவர் ஏதாவது செய்து வைத்திருந்தாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஒரு கரடி தினமும் காலையில் வந்து கழிப்பறைக் கதவில் முதுகைச் சொறிந்துவிட்டுப் போகிறது. அது போகும்வரை நான் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

அன்புத் தம்பி
டெல்பர்ட்


டிரை ஃபோர்க்
ஜூலை 21

டெல்பர்ட்,

நலம். நீ கேட்ட நலத்துக்கு நன்றி. என் பங்கைக் கேட்க வேண்டும் என்று தோன்றும்போது கேட்கிறேன்.

நேற்றுப் போட்டியில் இரண்டாம் இடம். ஹாஸ்கெல்லைவிட மூன்று தட்டு அதிகம். சுடுவதற்காக நான் பாயில் படுக்கும்போது அவன் பின்னால் வந்து நின்றான். "என்ன வெர்னா, மூணாவது குண்டு இடது பக்கம் ஓடிப் போகுதாமே? கயிறு போட்டுக் கட்டி வை" என்றான். கூட வந்த நாலு பேர் சிரித்தார்கள். இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. என் நேரம், யாரோ கவனித்துப் பார்த்திருக்க வேண்டும்.

முடிந்ததும் மேஜை பக்கத்தில் வைத்து நானும் கேட்டேன். "கல்லாவுக்கு மேல தொங்குறது சும்மா அலங்காரமா? தைரியம் இருந்தா அடுத்த தடவை அதை எடுத்துக்கிட்டு வா."

"அதுவா? பண்ணையில வெச்சுச் சுட்டுப் பார்த்தேன். சாணியைக் கைநிறைய அள்ளி வீசினா எப்படிச் சிதறும், அப்படிச் சிதறுது. அது செத்த துப்பாக்கி வெர்னா. ஓரினைப் புதைச்ச அன்னைக்கே அதையும் குழிக்குள்ள வெச்சிருக்கணும்."

நாற்பது பேருக்கு முன்னால் சொன்னான். போட்டியில் பதிவும் புள்ளியும் எழுதுகிற மேவிஸ் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் இருந்திருந்தால் நீ இன்று என்னைப் பார்க்கச் சிறைக்கு வர வேண்டியிருந்திருக்கும்.

ஓரின் ஏதாவது செய்து வைத்திருந்தானா என்று கேட்டாய். துப்பாக்கியை அவன் தொடவே இல்லை. தீனிதான் விஷயம். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே விலை என்றாலும் தோட்டா ஒவ்வொரு தொகுதியாகத்தான் வருகிறது. பெட்டியின் மடிப்பில் தொகுதி எண் அடித்திருக்கும். ஒரு துப்பாக்கிக்கு ஒரு தொகுதி பிடிக்கும், இன்னொன்றைத் துப்பிவிடும். ஓரின் ஒரு குளிர்காலம் முழுக்கப் பதினோரு தொகுதி சுட்டுப் பார்த்து, 417 என்று முடிகிற தொகுதியைத்தான் பிடித்தான். அந்தத் துப்பாக்கி 417-ஐத் தவிர எதையும் தின்னாது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும்.

என்னிடம் இருந்ததெல்லாம் போன வருஷமே தீர்ந்துவிட்டது. ராய் நகரத்துச் சாமான் கடையில், பின் அலமாரியில், ஐந்நூறு தோட்டாக் கட்டு இரண்டு கிடக்கிறதாம். ஆகஸ்ட் கடைசியில் கஃபே விடுமுறையில் போய் வாங்கப் போகிறேன். என் புதிய துப்பாக்கிக்கும் அது பிடிக்குமா என்று பார்க்க வேண்டும். மூச்சு விடாதே.

வெர்னா


கிரேஸ்டோன் கோபுரம்
ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய விருப்பம்.

டக்கர் அவசரப்படுகிறான், அதனால் நாலு வரி மட்டும். போன செவ்வாய் இரவில் கோபுரத்தின் மேலேயே இடி விழுந்தது. மின்னல் உடம்பில் பாயாமல் இருக்கக் கண்ணாடிக் கால் வைத்த முக்காலி மேல் ஏறி, கைகட்டி நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. விடிந்ததும் மூன்று இடத்தில் புகை, மூன்றையும் நானே சொன்னேன். அதிகாரி ரேடியோவில் பாராட்டினார்.

ஹாஸ்கெல் பேசியது தப்பு. அதை நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புத் தம்பி
டெல்பர்ட்


டிரை ஃபோர்க்
ஆகஸ்ட் 18

டெல்பர்ட்,

நலம். இடி உன்னை விட்டுவிட்டதில் மகிழ்ச்சி.

ராய் நகரத்துக்குப் போகலாம் என்று கடைக்காரருக்குப் போன் செய்தால், "அம்மா, அதை நீங்க கேக்குறதுக்குப் பத்து நாள் முன்னாலேயே ஒருத்தர் வந்து ரெண்டு கட்டையும் அள்ளிட்டுப் போயிட்டாரே" என்கிறார். "யாரு?" என்றால் பெயர் கேட்கவில்லையாம். பெரிய தொப்பி, தீவன மூட்டை ஏற்றிய வண்டி என்று மட்டும் சொன்னார். இந்த மாவட்டத்தில் தொப்பி போடாதவர் யார், தீவனம் ஏற்றாத வண்டி எது? போகட்டும்.

நேற்றுப் போட்டிக்கு ஹாஸ்கெல் வரவில்லை. பண்ணையில் தனியாகச் சுட்டுப் பழகுகிறான் என்று மேவிஸ் சொன்னாள். என்ன சுடுகிறானோ, யாருக்குத் தெரியும்.

எனக்கு வலது கண்ணில் மங்கல் அதிகமாகிவிட்டது. பில்லிங்ஸில் புரை எடுக்கிறார்கள். நாள் கொடுத்திருப்பது செப்டம்பர் இருபத்தொன்று, அதே சனிக்கிழமை. அதனால் வருஷக் கடைசிப் போட்டிக்கு நான் இல்லை. கோப்பை யாருக்குப் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு பாத்திரத்தில் சூப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நீயும் சொல்லாதே.

டக்கர் வெள்ளிக்கிழமை வந்திருந்தான், பையை ரசித்துச் சாப்பிட்டான். உன்னை ரொம்பப் புகழ்ந்தான்.

வெர்னா


கிரேஸ்டோன் கோபுரம்
செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கண்ணை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

கண்டிப்பாகப் போய்விட்டு வா. நாளை மாற்றாதே. கடைசிப் போட்டி அடுத்த வருஷமும் வரும், கண் வராது. பில்லிங்ஸில் இரண்டு நாள் தங்கியே வா, உடனே வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்வார்கள். வந்த பிறகும் ஒரு வாரம் வெயிலில் நிற்காதே. போட்டி நடக்கிற இடத்தின் பக்கமே போகாதே, அங்கே எப்போதும் தூசி.

ராய் கடை விஷயம் பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இங்கே மரங்களின் உச்சி மஞ்சளாகிவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் என்னை இறக்கிவிடுவார்கள். உனக்காகக் காட்டு பெர்ரிப் பழம் ஒரு டப்பா சேர்த்து வைத்திருக்கிறேன். கரடியோடு போட்டி போட்டுப் பறித்தது.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

அன்புத் தம்பி
டெல்பர்ட்


டிரை ஃபோர்க்
செப்டம்பர் 22

டெல்பர்ட்,

நலம். என் கண்ணும் நலம். அதற்குப் புரையும் இல்லை, ஆப்பரேஷனும் இல்லை. டாக்டரின் பெயரை யோசித்துக்கூட வைக்கவில்லை. நீ கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். நீ கேட்கவில்லை, நாளை மாற்றாதே என்று மட்டும் எழுதினாய்.

நேற்றுக் காலை பதிவை மூட ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய் இறங்கினேன். ஹாஸ்கெல் பாயை விரித்து அதன் மேல் ஓரினின் துப்பாக்கியை வைத்திருந்தான். ஓரின் ஒரு தடவை அடுப்பில் சாய்த்து வைத்ததால் துப்பாக்கிக் கட்டையில் கரிந்த அந்தத் தடம் எனக்கு இருபது அடியிலிருந்தே தெரிந்தது. அட்டையைக்கூட அவிழ்க்காமல் கொண்டுவந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "கண்ணு ஆப்பரேஷன்னு..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தினான்.

"யாரு சொன்னது?" என்றேன்.

அவன் நேராக மேவிஸிடம் போய், துப்பாக்கியை மாற்றிக்கொள்கிறேன் என்றான். மேவிஸ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் பார்த்தாள். "காகிதத்துல துப்பாக்கி எண்ணை எழுதியாச்சு ஹாஸ்கெல். எழுதினதை மாத்துற வழக்கம் இங்க இல்லை. சட்டம் சட்டம்தான்னு போன வருஷம் யாரோ சொன்னாங்களே, யாரு அது?" என்றாள். மருமகனை மேஜைப் பக்கம் அனுப்பிப் பார்த்தான். அவன் அன்று சுடவே இல்லை, பேரும் கொடுக்கவில்லை, பதிவும் மூடிவிட்டது. மேவிஸ் அவனைக் கோழியை விரட்டுகிற மாதிரி விரட்டினாள். மற்றவர்களில் யாராவது எனக்காக நில்லுங்கள் என்று ஹாஸ்கெல் சுற்றிலும் பார்த்தான். எல்லாருக்கும் அப்போதுதான் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தது, குனிந்துகொண்டார்கள்.

ஜெயித்தவரின் துப்பாக்கியை மட்டும்தான் எடுக்க முடியும் என்பது உனக்குத் தெரியும். அதனால் அவன் ஜெயிக்க வேண்டும். அதற்கு முதலில் நான் தோற்க வேண்டும். இருபதில் பன்னிரண்டு அடித்தேன், எட்டை வேண்டுமென்றே மண்ணில் விட்டேன். வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக நான் சுட்டதே இல்லை. அப்புறம் மடிப்பு நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். பணம் கையில் இருந்தது.

பள்ளிக்கூட வாத்தியார் ஸ்டென் பதினைந்து அடித்து முன்னால் இருந்தார். கடைசிக் குழுவில் ஹாஸ்கெல். 417-ஐ ஊட்டியிருந்தான், அந்தத் துப்பாக்கியும் ஓரின் கையில் பாடின மாதிரியே பாடியது. பதினேழு தோட்டாவில் பதினான்கு தட்டு. அதற்குள் அவனுக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மிச்சம் மூன்றில் இரண்டு பட்டால் ஜெயம், துப்பாக்கி எனக்கு. மூன்றையும் தவற விட்டால் தோல்வி, துப்பாக்கி அவனுக்கே.

பதினெட்டாவதை ஆறடி வலது பக்கம் மண்ணில் விட்டான். "காத்தா ஹாஸ்கெல்?" என்று யாரோ கேட்டார்கள், கூட்டமே சிரித்தது. மிச்சம் இரண்டையும் அப்படியே விட்டானானால் என் வருஷமே வீண். அதை அவன் திரும்பவும் அந்தக் கல்லாவுக்கு மேலே மாட்டுவான், இனி என்றைக்கும் இறக்க மாட்டான்.

அப்போதுதான் ஓரின் சொல்கிறதைச் சொன்னேன். மோசமாகச் சுடுகிற எல்லாரிடமும் அவன் சொல்வானே, அதே குரலில், அதே அலட்சியத்தில். "கை நடுங்குது, வெச்சிடு."

ஹாஸ்கெல்லின் காது மடல் சிவந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். இருபது வருஷமாக ஓரின் வாயால் அதைக் கேட்டவன் அவன். பத்தொன்பதாவது தோட்டா தட்டின் நடுவில் பட்டது. ஸ்டெனுக்குச் சமம். அவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இருபதாவதைப் போட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். என்ன நடக்கப் போகிறது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சுட்டான். அந்த வார்த்தையை முதுகில் சுமந்துகொண்டு நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து போக அவனால் முடியாது.

நானூறு கஜத்தில் தட்டு ஆடுவது முதலில் தெரியும், சத்தம் ஒரு விநாடி கழித்துத்தான் வரும். தட்டு ஆடியதைப் பார்த்தேன். சத்தம் வந்து சேர்ந்தபோது பணம் மேஜையில் இருந்தது.

அட்டையை அவிழ்த்து அவன் வாயில் திணிக்கவில்லை. சட்டைப்பையில் செருகினேன், மேலே தட்டியும் கொடுத்தேன். இப்போது துப்பாக்கி சமையலறையில், பழைய இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இனி உன் விஷயம். புதிய துப்பாக்கி மூன்றாவது தோட்டாவை இடது பக்கம் தள்ளுகிறது என்று உலகத்திலேயே உன் ஒருவனுக்குத்தான் எழுதினேன். அது பொய். ஹாஸ்கெல் என்னிடம் வந்து அதைச் சொன்னபோது உன் குரலே கேட்டது. 417 நிஜம். ராய் கடையில் அந்த இரண்டு கட்டையும் வைத்தது நான்தான், பெரிய தொப்பி வந்து கேட்டால் கொடுத்துவிடு என்று சொல்லி வைத்தவளும் நான்தான். தீனி இல்லாமல் அவன் அதை எப்படிச் சுடுவான்? கண்ணும் பொய். டக்கர் பாவம், சூதுவாது தெரியாதவன். "உங்க தம்பிக்கு ரொம்ப நல்ல கையெழுத்து, வெர்னாம்மா. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கவர். உங்களுக்கு ஒண்ணு, ஹாஸ்கெல்லுக்கு ஒண்ணு" என்றான். அவனுக்கு இன்னொரு துண்டு பை வைத்தேன்.

டயரில் ஒன்றுமே இல்லை. மேவிஸ் அன்றே பார்த்தாள். கால் மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன்னை எப்படிப் பழி வாங்குவது என்று ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தேன். கடைசியில் உன் கையெழுத்தாலேயே அவனை விழ வைத்தேன். இனி அவன் உன்னை நம்ப மாட்டான், நானும் நம்ப மாட்டேன். மேலேயிருந்து எல்லாம் நன்றாகத் தெரிகிறது என்றாயே, உட்கார்ந்து பார்.

வெர்னா


மிசௌலா
அக்டோபர் 14

அக்கா,

கோபுரத்திலிருந்து இறங்கி இங்கே வந்ததிலிருந்து ஏழு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். நலம் விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

நீ எழுதியது எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட மறுக்கப் போவதில்லை. நீ எழுதாதது ஒன்று இருக்கிறது, அதை நான் எழுதுகிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஜூலைப் போட்டி. நான் குடியை விட்டுப் பத்தொன்பதாவது நாள். பாட்டில்களை நீதான் தொட்டியில் கொட்டினாய். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று நானாகத்தான் வந்து படுத்தேன். ஓரின் மாமாவின் துப்பாக்கியால் ஒரே ஒரு தோட்டா சுடலாமா என்று கேட்டேன். கொடுத்தார். அது பாயில் தடதடவென்று ஆடியது. அப்போது அவர் எல்லாரிடமும் சொல்கிறதை என்னிடமும் சொன்னார். "கை நடுங்குது, வெச்சிடு." எல்லாரும் சிரித்தார்கள்.

நீயும் சிரித்தாய் அக்கா. உன் குரல் தனியாகக் கேட்டது.

அன்று சிரிக்காதவன் ஹாஸ்கெல் ஒருவன்தான். அப்புறம் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தான். அவன் நல்லவன் இல்லை, அது எனக்கும் தெரியும். போன செப்டம்பரில் வந்து, "மேஜைகிட்ட நிக்காதே டெல். வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றான். அதைச் செய்வது எனக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது போய்விட்டது.

அதற்கப்புறமும் ஏன் அவனுக்கு எழுதினேன் என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை. அவன் பதில் எழுதினான். நலம் கேட்டு எழுதினான்.

பெர்ரிப் பழ டப்பாவை டக்கரிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் அவனே சாப்பிடட்டும்.

டெல்பர்ட்


டிரை ஃபோர்க்
அக்டோபர் 20

டெல்பர்ட்,

நலம்.

சிரித்தேன். உன் கடிதத்தைப் படிக்கும்வரை அது எனக்கு நினைவிலேயே இல்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. பாட்டில்களைக் கொட்டிய கை என்னுடையது. உன் கை ஏன் நடுங்குகிறது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஓரின் உன்னிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நான் அவன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும்.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கால் மணி நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாய் என்று எழுதியிருக்கிறாய், அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் காகிதத்தை மேஜையில் அடித்து வைக்கிறேன். நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். நம் வீட்டில் யாருக்கும் அது வந்ததில்லை.

ஜூன் மூன்றாவது சனிக்கிழமை இங்கே வா. ஓரினின் துப்பாக்கியை நீ சுட வேண்டும், இருபது தோட்டாவையும். 417 தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தேனே, அதுவும் பொய். கட்டிலுக்கு அடியில் இன்னும் நான்கு கட்டு இருக்கிறது. குளிர்காலத்தில் எப்போது வேண்டுமானாலும் வந்து பழகு, சாவி பழைய இடத்தில்தான்.

தோற்றால் துப்பாக்கி என்னோடு வீட்டுக்கு வரும். நீ ஜெயித்தால், மேஜைக்கு ஒரு ஆள் நிற்க வேண்டியிருக்கும். ஹாஸ்கெல் அன்று சுட வருவான், பணத்தோடு வருவான், அதில் சந்தேகமே வேண்டாம். அவனுக்கு முன்னால் நான் அங்கே நிற்பேனா, இல்லை டயரில் காற்று இறங்குகிறதா என்று பார்க்கப் போய்விடுவேனா என்பதை இப்போது சொல்ல மாட்டேன். ஒரு குளிர்காலம் முழுக்க நீயும் அதை யோசித்துக்கொண்டிரு.

பெர்ரிப் பழம் வந்தது. இரண்டு பை செய்தேன். ஒன்றை டக்கர் தின்றுவிட்டான்.

கை இப்போது எப்படி இருக்கிறது?

அக்கா